ஓடிய நாய் திரும்பி வர: கன்னி, சிப்பிப்பாறை நாய்களோடு உறவை வளர்க்கும் முறை

கரிசல் காட்டில் முயல் வேட்டைக்குப் போய்வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் என் தாத்தா. ஒரு நாயைப் பற்றி யாராவது அவரிடம் பெருமையாகப் பேசினால், அது எவ்வளவு வேகமாக ஓடும், எத்தனை முயல் பிடித்தது என்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "கூப்பிட்டா திரும்புமா?" என்று ஒரு கேள்வி கேட்பார். வேட்டைக்காரருக்கும் அவருடைய நாய்க்கும் உள்ள உறவு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பது, நானே கன்னி நாய் வளர்க்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கன்னியும் சிப்பிப்பாறையும் தென் தமிழகத்து நாட்டு நாய் இனங்கள்; மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுபவை. தூரத்தில் ஒன்று அசைந்து ஓடுவதைக் கண்டுவிட்டால் அவற்றின் காது அடைத்துக்கொண்டது போலாகிவிடும். சில நொடிகளுக்குள் வரப்பையும் ஓடையையும் தாண்டிக் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் அதன் கழுத்தில் கயிறு இல்லை, பின்னாலேயே ஓடிப் பிடிக்கக்கூடிய மனிதனும் இல்லை. அப்படிப் போன நாய், வாயில் கவ்விய முயலைத் தானே தின்றுவிடாமல் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தவரின் காலடியில் போட்டது என்றால், அதைத் திருப்பி அழைத்து வந்தது அந்த மனிதர் மேல் அதற்கு இருந்த நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையை ஒரு குட்டியிடம் எப்படி உண்டாக்குவது, உண்டானதை எப்படிக் கெடுக்காமல் காப்பது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்லுவது மட்டுமன்று. பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, அதற்கு முயல்வது ஆகிய எல்லாமே வேட்டைதான். ஆகவே காட்டு முயலின் பின்னால் நாயை அவிழ்த்துவிட்டு, "பிடிக்கவில்லையே, சும்மா ஓடத்தானே விட்டேன்" என்று சொன்னாலும் அது குற்றமே. சட்டம் வந்ததால் நாயின் இரத்தத்தில் இருக்கும் ஓட்டம் நின்றுவிடவில்லை. அந்த ஓட்டத்துக்கு வேறு வேலை கொடுக்க வேண்டிய பொறுப்பு வளர்ப்பவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த உறவு நம் நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த, 950ஆம் ஆண்டை ஒட்டிய கல்வெட்டு ஒன்று இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரில், எதிரணியில் கங்க மன்னன் பூதுகனுக்குத் துணையாக நின்று போரிட்ட மணலேரன் என்ற வீரனிடம், வேண்டியதைக் கேள் என்று சொல்லப்பட்டபோது, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியின் மேல் காளியை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மாண்டன. மணலேரன் அந்த நாய்க்குக் கோயில் முன் கல் நாட்டி, நிலம் விட்டு, அந்தக் கல்லுக்கு வழிபாடு செய்யாமல் பூசாரி உண்ணக் கூடாது என்றும் எழுதிவைத்தான். நாயும் பன்றியும் மோதும் காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்திலும் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்பவனோடு, "கோவிவன்" என்னும் அவனுடைய நாயையும் உருவம் வடித்துப் பெயர் சொல்லி நிற்கிறது. இரண்டு கள்வரைக் கடித்துக் காத்திருந்த நாய் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கடித்தது என்பதோடு நிறுத்தாமல் "காத்திருந்தவாறு" என்று எழுதிய அந்தக் கைக்கு நாயைத் தெரிந்திருக்கிறது என்று நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

குட்டி வீட்டுக்கு வரும் காலம்

குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கண் திறந்தவுடன் கொண்டுவந்தால் நம்மோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று ஊரில் பலரும் நம்புகிறார்கள், அது தவறு. கடியின் அளவையும் மற்ற நாய்களோடு பழகும் முறையையும் குட்டிக்குத் தாயும் உடன்பிறந்த குட்டிகளும்தான் கற்றுக்கொடுக்க முடியும். அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்கிறது. எட்டாவது வாரத்தில் உங்களிடம் வரும் குட்டியிடம் அந்தக் காலத்தில் நான்கு வாரங்கள்தான் மிச்சம் இருக்கின்றன. அந்த ஒரு மாதத்துக்கு வீட்டில் இருக்க முடியாதவர்கள் குட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

அந்த நான்கு வாரங்களில் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இரவில் குட்டியைத் தொழுவத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ கட்டிப்போடாமல், உங்கள் கட்டிலுக்கு அருகில் ஒரு சாக்கை விரித்துப் படுக்க வையுங்கள். அழுதால் கையைத் தொங்கவிட்டு அதன் முதுகில் வைத்தால் போதும். உணவின் ஒரு பகுதியையாவது நாள்தோறும் உங்கள் உள்ளங்கையிலிருந்து உண்ணச் செய்யுங்கள். பாதம், காது, வாய், வாலடி ஆகியவற்றைத் தொட்டுப் பழக்குங்கள். பின்னால் முள் எடுக்கும்போது இந்தப் பழக்கம் எவ்வளவு உதவும் என்பதைக் காண்பீர்கள். ஆடு, கோழி, மோட்டார் சைக்கிள், பம்ப்செட், குழந்தைகள் ஆகிய எல்லாவற்றையும் நீங்கள் அருகில் இருக்கும்போதே அது பார்க்கட்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியையும், மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியையும் மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் போட வேண்டும். தடுப்பூசிகள் முடியும் வரை தெரு நாய்கள் நடமாடும் இடத்தில் இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டே ஊரைச் சுற்றிக் காட்டலாம்.

ராஜபாளையம் இனத்து வெள்ளைக் குட்டி என்றால், அது உங்களைப் பார்க்காத நேரத்தில் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாமை சில குட்டிகளுக்கு உண்டு. அத்தகைய குட்டியைக் கழித்துவிட வேண்டியதில்லை. குரலுக்குப் பதிலாகக் கையசைவைக் கற்றுக்கொடுத்து, வேலியிட்ட இடத்தில் மட்டும் அவிழ்த்துவிட்டு வளர்க்கலாம்.

அன்பு எப்படித் தெரியும்

கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் புதிதாக வளர்ப்பவர்கள், "வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவதில்லை, நக்குவதில்லை, இதற்கு நம் மேல் பாசமே இல்லை" என்று வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். இந்த நாய்கள் பாசத்தைக் காட்டும் முறை வேறு. நீங்கள் நிற்கும்போது வந்து விலாவை உங்கள் தொடையில் சாய்த்துக்கொண்டு நிற்கும். வீட்டில் எத்தனை இடம் இருந்தாலும் உங்கள் தலை தெரியும் இடத்தில்தான் படுக்கும். நடையில் முன்னால் போனாலும் பாதை திரும்பும் இடத்தில் நின்று ஒரு முறை உங்களைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்த்தலை எந்த நாளும் வீணாக்காதீர்கள். அதற்கு ஒரு சொல்லோ, ஒரு தலையசைப்போ, ஒரு துண்டு கருவாடோ பதிலாகக் கிடைக்க வேண்டும். ஜப்பானில் 2015ஆம் ஆண்டில் நடந்த ஆய்வு ஒன்றில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடுவது தெரியவந்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்குகொள்ளும் சுரப்பு அது. மனிதரிடம் வளர்ந்த ஓநாய்களிடம் அது அவ்வாறு கூடவில்லை. ஆனால் பழகாத நாயின் கண்ணை உற்றுப் பார்ப்பதை அது மிரட்டலாகவே கொள்ளும். பார்வையை நாய் தொடங்கட்டும்.

கூப்பிடுதல்

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்தப் பகுதியை மட்டும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

பெயர் இரண்டு அசைக்கு மேல் நீளாமல் இருக்கட்டும். பெயரோடு ஒரு சீழ்க்கையையும் பழக்குங்கள், ஏனென்றால் காற்று எதிர்த்து வீசும் வெளியில் குரல் எட்டாத தொலைவுக்குச் சீழ்க்கை எட்டும். முதல் ஒரு மாதம் உணவுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மட்டுமே சீழ்க்கை அடியுங்கள். பிறகு வீட்டுக்குள், முற்றத்தில், வேலியிட்ட தோட்டத்தில் என்று இடத்தை விரிவாக்குங்கள். திறந்த வெளிக்குப் போகும்போது பத்து மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்று அதன் கழுத்துப்பட்டையிலிருந்து தரையில் இழுபடட்டும். அந்தக் கயிற்றால் நாயை இழுத்து வரவழைக்கக் கூடாது, நாய் ஓடிவிடாமல் மிதித்து நிறுத்துவதற்கு மட்டுமே கயிறு பயன்பட வேண்டும். கூப்பிட்டவுடன் வந்தால் உணவைக் கொடுத்து, தடவிக்கொடுத்து, உடனே மறுபடியும் போகவிடுங்கள். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை அதற்குச் சுதந்திரம் திரும்பக் கிடைக்க வேண்டும். கூப்பிட்டாலே சங்கிலி, கூப்பிட்டாலே குளியல், கூப்பிட்டாலே ஊசி என்று அது கற்றுக்கொண்டால், அதன்பின் அந்தப் பெயர் அதற்கு எச்சரிக்கை மணியாகிவிடும். ஊசி போடவும் குளிப்பாட்டவும் நீங்களே அதனிடம் நடந்து போங்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. என் முதல் கன்னி நாய்க்கு இரண்டு வயதானபோது, ஒரு மாலையில் அது அறுவடை முடிந்த பருத்திக்காட்டில் எதையோ கண்டு ஓடிப்போய், இரண்டு மணி நேரம் வரவில்லை. இருட்டிய பிறகு மூச்சிரைக்க வந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு என் எதிரே நின்றது. அச்சமும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து நான் அதை வாரால் அடித்தேன். ஓடிப்போனதற்காக அடித்தேன் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்ததற்காக அடி வாங்கியதாக அது எடுத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து கூப்பிட்டால் வரும், ஆனால் இருபது அடி தொலைவில் நின்றுவிடும். நான் ஓர் அடி முன்னால் வைத்தால் அது ஓர் அடி பின்னால் வைக்கும்.

அதைச் சரி செய்ய எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அந்த முறையையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் என்னைப் போல் தவறிய வேறு ஒருவருக்கு அது வேண்டியிருக்கலாம். நாள்தோறும் மாலையில் வேலியிட்ட இடத்தில் நாயை விட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். உணவை உங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். கூப்பிடாதீர்கள், திரும்பாதீர்கள், அருகில் வந்தாலும் கை நீட்டாதீர்கள். அது உண்டுவிட்டுப் போகட்டும். சில வாரங்களில் உண்ட பிறகும் நிற்கும். அதற்கும் பிறகு தானாகவே முதுகில் சாயும். சாய்ந்த பிறகுதான் தொடலாம், அதுவும் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாமல் மார்புக்குக் கீழாகத் தொட வேண்டும். பழைய பெயரையும் சில காலம் ஒதுக்கிவைத்து, புதிய சீழ்க்கை ஒன்றைத் தொடங்குவது நல்லது. என் நாய் சாய்ந்த அந்த மாலையில் நான் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

ஓட்டமும் அதன் பிறகு செய்ய வேண்டியதும்

ஒரு வயது நிறையும் முன் முழு வேகத்தில் ஓட விடக் கூடாது. எலும்பின் வளரும் முனைகள் அதுவரை உறுதிப்படுவதில்லை. அதற்கு முன் ஒரு மூங்கில் கழியின் நுனியில் கயிறும் கிழிந்த துணியும் கட்டி, தரையோடு தரையாகச் சற்று நேரம் இழுத்து விளையாடுவது போதும். வளர்ந்த நாய்க்கு, வேலியிட்ட நேரான வெளியில் நீளமான கயிற்றின் முனையில் துணியையோ பிளாஸ்டிக் பையையோ கட்டி, மறுமுனையில் கையால் சுற்றும் உருளையைக் கொண்டு இழுத்து விரட்டச் செய்யலாம். மேடு பள்ளமும் கம்பியும் கிணறும் இல்லாத இடமாக முதலில் நீங்கள் நடந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் துணியை நோக்கி "சூ" காட்டும்போது, நாய்க்கு அதுவும் உண்மையான வேட்டைதான்.

பிடித்த பிறகு வருவது முக்கியமான நேரம். துணியை அதன் வாயிலிருந்து பிடுங்காதீர்கள். ஒரு துண்டு இறைச்சியை நீட்டி, அது துணியை விட்டவுடன் இறைச்சியைக் கொடுத்து, துணியையும் சில நொடிகளுக்குத் திரும்பக் கொடுங்கள். உங்களிடம் கொண்டுவந்தால் எதுவும் பறிபோவதில்லை என்று தெரிந்த நாய்தான் காலடியில் கொண்டுவந்து போடும்.

காலை வெயில் ஏறும் முன் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று முறைக்கு மேல் ஓடத் தேவையில்லை. இந்த நாய்கள் தாமாக நிற்பதில்லை, உங்களுக்காக விழும் வரை ஓடும். அதனால் நிறுத்த வேண்டியவர் நீங்கள். நாக்கு அகன்று தொங்கி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடையிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்று வீசச் செய்து, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் வயிறு நிறைய உணவு கொடுக்க வேண்டாம். ஆழமான மார்புடைய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஓடி முடிந்ததும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுபவர்கள் இந்த உறவின் பாதியை இழக்கிறார்கள். என் தாத்தா காட்டிலிருந்து வந்ததும் தன் கால் கழுவும் முன் திண்ணையில் உட்கார்ந்து நாயின் நான்கு பாதங்களையும் மடியில் வாங்கிப் பார்ப்பார். விரலிடுக்கில் நெருஞ்சி, பாதத்தின் மெத்தென்ற அடியில் சீமைக்கருவேல முள், காது மடிப்பில் உண்ணி, மெல்லிய தோலில் கம்பி கிழித்த கீறல் ஆகிய ஒவ்வொன்றையும் விரலால் தேடுவார். நாயும் கண்ணை மூடிக்கொண்டு காலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நாள்தோறும் அந்தப் பதினைந்து நிமிடத்தை நீங்களும் கொடுங்கள். சிறு கீறலைச் சுத்தமான நீரில் கழுவிக் கவனித்தால் போதும். தோல் பிளந்திருந்தால் தையல் வேண்டும். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கொழுப்புக் குறைந்த ஓட்ட நாய் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் சில மயக்க மருந்துகள் இத்தகைய நாய்களின் உடலை விட்டு நீங்க நேரமாகும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், கம்பங்கூழும் கேப்பைக் களியும் மட்டும் போதும் என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடலாம். பழைய நாய் காட்டில் பிடித்ததிலும் ஒரு பங்கைத் தின்றது. முட்டை, கோழி, மீன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நாள்தோறும் சேர வேண்டும். வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் கூடாது. சங்கிலி இரவு பகல் கழுத்தில் கிடந்தால் இதுவரை சொன்ன எதுவும் பலிக்காது.

ஒருவருக்கு மட்டும் சொந்தமாகிவிடாமல்

இவை ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும் நாய்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பது நாய்தான். வளர்த்தவர் வேலைக்காக வெளிநாடு போன வீட்டில், தட்டைத் தொடாமல் வாசலையே பார்த்துப் படுத்திருந்த சிப்பிப்பாறை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதனால் குட்டிப் பருவத்திலிருந்தே வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டில் இன்னொருவர் உணவு கொடுத்து, சீழ்க்கை அடித்து, காலைப் பார்க்கட்டும். நீங்கள் பிரிய வேண்டி வந்தால், போவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பொறுப்பை அவரிடம் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

முதுமை

எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் நாய் ஓட்டத்தில் பின்தங்கத் தொடங்கும். அப்போது அதை வீட்டில் விட்டுவிட்டு இளைய நாயை மட்டும் அழைத்துப் போவதுதான் நாம் செய்யும் பெரிய கொடுமை. கழுத்துப்பட்டையை எடுக்கும் ஓசை கேட்டு எழுந்து வந்து வாசலில் நிற்கும் அதன் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதையும் கூட்டிப் போங்கள். இளையது ஓடும்போது அது உங்கள் அருகில் நிற்கட்டும். முடிவில் துணியை அதற்கு முன்னால் பத்தடி தொலைவு மெதுவாக இழுத்து, பிடிக்க விட்டு, உங்களிடம் கொண்டுவரச் செய்யுங்கள். மூட்டு வலிக்கு மருத்துவர் கொடுப்பதைத் தவிர மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். படுக்கையைத் தரைச் சிமெண்டிலிருந்து உயர்த்தி, இரண்டு சாக்குக் கனத்துக்குப் போடுங்கள். எழ முடியாத நாள் வரும்போது, மருத்துவர் ஊசி போடும் நேரத்தில் வெளியே போய் நிற்காமல் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உணவுக்கு அடிக்கும் அதே சீழ்க்கையை மெதுவாக அடியுங்கள். புதைக்கும் முன் வீட்டில் உள்ள மற்ற நாயை அவிழ்த்துவிட்டு, அது வந்து மோந்து பார்த்துத் தானாக விலகும் வரை காத்திருங்கள்; குழி இடுப்பளவு ஆழமாகவும், மேலே கல் பாவியதாகவும் இருக்கட்டும்.